‘பட்டத்துக் குதிரை’க்குப் பொன்விழா

இடைவேளை முடிந்து விளக்குகள் அணைந்ததும், தன் கை தன்னைக் கேட்காமலே இடது கன்னத்துக்குப் போயிருப்பதைக் கவனித்த லோசனி, அடுப்படிக்குள் நுழைந்த பூனையைத் துரத்துவதுபோல அதைக் கீழே தள்ளினாள். போ அங்கிட்டு. இத்தனை வருஷமாகியும் இந்தக் கைக்குப் புத்தி வரவில்லை. மதுரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி, வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏசிக் குளிர் முழங்காலைப் பிடிக்கிறது, ‘பட்டத்துக் குதிரை’ படத்தின் கதாநாயகி முன்வரிசையில் உட்கார்ந்து ‘பட்டத்துக் குதிரை’ பார்க்கிறாள், இதில் கன்னத்துக்கு என்ன வேலை? இருக்கிறதே வேலை. இன்னும் அரைமணியோ முக்கால் மணியோ, அந்த சீன் வந்துவிடும். வந்ததும் படத்தை நிறுத்துவார்கள். படத்தின் கதாநாயகன் சேரலாதனின் ரசிகர் மன்றத்து மதுரைத் தலைவர் அந்தோணிராஜ், இந்தப் பொன்விழாவைத் தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி ஓடியாடி நடத்துகிறவர், இடைவேளையில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “அடி சீன் முடிஞ்சதும் படத்த நிப்பாட்டிருவோம்மா. லைட்டப் போட்டுருவோம். நீங்களும் அண்ணனும் மேடைக்கு வர்றீக. அண்ணன் சும்மா லேசா கைய ஓங்குவாரு, படுறாப்புல இருக்கும், படாது. நீங்க அந்த வசனத்த ஒரேயொரு தடவ சொல்லிருங்க. அம்புட்டுத்தான்.” அம்புட்டுத்தானாம். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சிரித்தாள். நடிகை சிரித்தால் சரி என்று எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். அவர் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். போகிறவரைக் கூப்பிட்டு இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் யாரோ ஒருத்தி செல்ஃபிக்குத் தோளில் கை போட்டாள், அதற்கும் சிரித்தாள்.

திரையில் மரகதம் மில்லுக்குள் நடந்து வந்தாள். மரகதம் என்றால் அவள்தான், இருபது வயசு லோசனி, காதில் பெரிய வளையமும் கறுப்புக் கண்ணாடியும், அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் மில்லை எடுத்து நடத்தவந்த பணக்காரப் பெண். திமிர் பிடித்தவள். அப்படித்தான் போஸ்டரிலேயே போட்டிருந்தார்கள். குடித்துவிட்டு வந்த மேனேஜரை வீட்டுக்கு அனுப்புகிறாள், தப்பா? பஞ்சு எங்கே போகிறது என்று கேட்கிறாள், தப்பா? மாமன் பிள்ளையைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஊரே சொல்ல, எனக்கு இஷ்டமில்லை என்கிறாள். காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் லோசனி, இடைவேளை வரைக்கும் இந்தப் பெண் சொன்ன ஒரு வார்த்தையும் தப்பில்லையே, அன்றைக்கு நடித்தபோது இது ஏன் தெரியவில்லை? அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஹை ஹீல்ஸ் கடிக்கிறது என்பதும், விளக்குச் சூட்டில் மை கரைகிறது என்பதும், டைரக்டர் பரமானந்தம் ‘இன்னும் திமிரு, இன்னும் திமிரு’ என்று கத்துவதும்தான். திமிர் எப்படி வரும், சாத்தூர்ப் பக்கத்துக் குருவம்மாளுக்கு. குருவம்மாளா, அந்தப் பேரை வைத்துக்கொண்டு மில் முதலாளியா என்று சிரித்து லோசனி என்று மாற்றிவிட்டதும் அவர்தான். ஆனால் வந்திருக்கிறதே. அதோ பார், எப்படி நடக்கிறாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற விதம் பார். பழுதுபார்த்துப் புதுசாக்கிய பிரதியாம், கலரெல்லாம் துடைத்துவிட்ட குத்துவிளக்காகப் பளிச்சென்று இருக்கிறது, சேலையின் பச்சைகூட அன்றைக்கு இவ்வளவு பச்சையாக இல்லை. லோசனிக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க அவளுக்கு இஷ்டமில்லை. என் படம் இது. வெளியே வாசலில் வைத்திருக்கிற பேனரில் சேரலாதன் பனைமரம் உயரத்துக்கு நிற்க, அவர் உள்ளங்கைக்குக் கீழே தன் கன்னம் மட்டும் இருக்கிறதே, முகம்கூட முழுசாக இல்லாமல், அது இருந்துவிட்டுப் போகட்டும். மேடையில் கொடுக்கப்போகிற கேடயத்திலும் அதே கையும் கன்னமும்தான், பித்தளையில் பதித்து, மேலே ‘பொன்விழா’ என்று எழுதி. வீட்டில் எங்கே வைப்பது அதை? பூஜை அலமாரியிலா? இருந்தாலும் என் படம். பாதிப் படத்துக்கு மேல் என்னைச் சுற்றித்தான் ஓடுகிறது, அவர் வருவதே இடைவேளைக்கு அப்புறம்தான்.

“அம்மா,” என்று சாருமதி காதுப்பக்கம் குனிந்தாள். மகள். பக்கத்து இருக்கையில் காலையிலிருந்து கைப்பையை மடியில் அணைத்தபடி, பரீட்சை எழுத வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். “வேண்டாம்னா போயிடலாம்மா. கார் வெளியிலதான் நிக்குது. உடம்பு சரியில்லைன்னு நான் சொல்லிக்கிறேன்.” “எதுக்குப் போகணும்?” “அவங்க அதைச் சொல்லச் சொல்லுவாங்க.” “சொல்லச் சொன்னா?” சாரு நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரை வெளிச்சத்தில் அவள் மூக்குத்தி மட்டும் தெரிந்தது. பிறகு, “நீ அதைச் சொல்றதை என்னால கேக்க முடியாதும்மா. எனக்கு எல்லாம் ஞாபகமிருக்கு,” என்றாள். லோசனி திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் என்றால் என்ன? என்ன ஞாபகம் இருக்க முடியும், அப்போது இவளுக்கு வாய்ப்பாடுகூடத் தெரியாது, சோற்றைக் கீழே சிந்தாமல் சாப்பிடத் தெரியாது. எதை ஞாபகமிருக்கு என்கிறாள்? கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாள், இந்தப் பெண் எதையும் பூசி மெழுகுகிறவள் இல்லை. வேண்டாம். “நான் எங்கேயும் போக மாட்டேன். என் படம். முழுசாப் பாத்துட்டுத்தான் வருவேன்,” என்றாள் லோசனி. பின்வரிசையில் யாரோ உஸ் என்றார்கள். கதாநாயகியையே உஸ் என்கிறான் பார்.

உஸ் சொன்னவர் இடைவேளையில் வந்து பேசிய பேராசிரியராகத்தான் இருக்கும். சினிமாவை ஆராய்ச்சி செய்கிறாராம். அடி சீனுக்கு அடுத்து வரும் பாட்டு முழுக்க லோசனியின் வலது பக்க முகம் மட்டுமே காட்டப்படுகிறது, அடங்கிய பெண்ணின் பாதி முகம், அது பரமானந்தத்தின் மகத்தான அழகியல் முடிவு என்று அவர் புத்தகமே எழுதியிருக்கிறாராம். அழகியல்! இடது பக்கம் பூரி மாதிரி வீங்கியிருந்தது சார், அதனால் இந்தப் பக்கம் எடுத்தார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. பாவம், புத்தகம் போட்டுவிட்டாரே என்று விட்டாள். தப்பு. சொல்லியிருக்க வேண்டும். எத்தனை பாவம் பார்த்து எத்தனை பேருக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. அடி ஷாட் எடுத்த அன்றைக்குக் காலையில் பரமானந்தம் சொன்னது இதுதான்: கை இங்கே வரும், நீ முகத்தை அப்படித் திருப்பிக்கொள், சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். ஒத்திகையில் அப்படித்தான் நடந்தது. சேரலாதனின் கை காற்றில் போயிற்று, அவள் அழகாக முகத்தைத் திருப்பினாள், எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். டேக் என்றதும் கை காற்றில் போகவில்லை. அவ்வளவுதான் தெரியும். கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ பறந்தது, நாக்கில் உப்பு. பரமானந்தம் கட் சொல்லவில்லை. அவர் கட் சொல்லாதவரைக்கும் நடிக்க வேண்டும், அதுதான் பாடம். அவள் வசனத்தைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் யூனிட்டே கை தட்டியது, லைட் பாய்கள் மேலே பலகையில் நின்று தட்டினார்கள். சேரலாதன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “ஒரே டேக்!” என்றார். இன்றைக்கும் அதைத்தான் சொன்னார், வாசலில், ஊன்றுகோலோடு, முகமெல்லாம் சிரிப்பாக, “ஞாபகமிருக்கா லோசனி? ஒரே டேக்!” கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. அவள் அம்மா செத்தபோது சாத்தூர் வரைக்கும் வந்து மாலை போட்டவர். அடித்த அன்றைக்குச் சாயங்காலம் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றித் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தவர். சீன் உசுரோட இருக்கணுமில்லையாம்மா என்றார், கேட்டதற்கு. கேட்டாளா? இல்லை, கேட்கவில்லை. கேட்டதாக இப்போது நினைத்துக்கொள்கிறாள். அவரே சொன்னார், இவள் தலையாட்டினாள்.

திரையில் சேரலாதன் வந்துவிட்டார். அரங்கு எழுந்தது, பூ பறந்தது, யாரோ சூடம் கொளுத்தப் போக அந்தோணிராஜ் ஓடிப்போய்த் தடுத்தார். மரகதத்தின் மாமன் பிள்ளை, மில்லில் வேலை பார்க்கிற ஏழை, நேர்மையானவன், பட்டத்துக் குதிரைக்குக் கடிவாளம் போடத் தெரிந்தவன் என்று அவனே ஒரு பாட்டில் சொல்லிக்கொள்கிறான். நல்ல பாட்டுத்தான். லோசனியின் கால் தாளம் போட்டது. சனியன், இந்தக் காலும் சேர்ந்துகொண்டது. உடம்பில் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சம்பளம் வாங்குகிற மாதிரி ஆளுக்கொரு வேலை பார்க்கிறது. கை கன்னத்துக்குப் போகிறது, கால் தாளம் போடுகிறது, இனி வாய். வாய்தான் பயம். அவளுக்கு மேடை பயமில்லை, கூட்டம் பயமில்லை, சேரலாதன் கை பயமில்லை, அது இப்போது ஊன்றுகோலையே நடுங்கிக்கொண்டுதான் பிடிக்கிறது. பயமெல்லாம் இந்த வாய் மேல்தான். மைக்கை நீட்டி, விளக்கைப் போட்டு, ‘சொல்லுங்க’ என்றால் இது தானாகச் சொல்லிவிடும். பழக்கப்பட்ட வாய். இந்த ஒரு அடியிலதான் நான் பொண்ணாப் பொறந்தேன், அத்தான். அழுகையும் இருக்கணும், சிரிப்பும் இருக்கணும், நன்றியும் இருக்கணும் என்று டப்பிங்கில் பரமானந்தம் திரும்பத் திரும்பச் சொல்லவைத்த வசனம். கல்லூரி விழாவில் சொன்ன வசனம், கோயில் திருவிழா மேடையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சொன்ன வசனம், சொந்தக்காரர் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று பட்டுச்சேலையோடு எழுந்து நின்று சொன்ன வசனம். காய்கறி வாங்கப் போனால் கத்தரிக்காய்க்காரி கேட்பாள். பிரசவ வலியில் படுத்திருந்தபோது நர்ஸ் கேட்டாள். அப்போதும் சொன்னாளா என்றால், சொன்னாள், பாதி. எல்லா இடத்திலும் கை தட்டினார்கள். பெண்கள்தான் ஜாஸ்தியாகத் தட்டினார்கள். அது ஏன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாயிற்று. கேட்டதற்குச் சொல்லிவிட்டால் பிறகு நல்லபடியாகப் பேசுவார்கள், அதனால் சொன்னாள். வேறு என்ன காரணம். வேறு காரணம் இருக்கிறது, அதற்குப் போகாதே. பாட்டைப் பார். அந்தப் பச்சைச் சேலை என்ன ஆனது? கம்பெனிச் சேலை, திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

ரத்தினசபாபதி அந்தச் சேலை மாதிரியே ஒன்று வாங்கிக் கொடுத்தார். திருச்சியில் மரக்கடை வைத்திருந்தவர், ‘பட்டத்துக் குதிரை’யை விடாமல் பார்த்துப் பார்த்து, அப்புறம் ஆள் அனுப்பிப் பெண் கேட்டுக் கட்டிக்கொண்டவர். கட்டிக்கொண்டது தன்னையா மரகதத்தையா என்று அவள் கேட்டதில்லை. விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் வசனம். ‘நம்ம வீட்டுக் குதிரை பேசும், கேளுங்க’ என்பார், எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரித்துவிட்டுச் சொல்வாள். அதில் ஒன்றும் குற்றமில்லை, ஆசையாகத்தான் கேட்பார், பெருமையாகத்தான் பார்ப்பார். குழந்தை சாருவும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், எல்லோரும் தட்டும்போது தானும் தட்டுவாள், அவளுக்கு அது ஒரு விளையாட்டு, அம்மா ஒன்று சொல்வாள், எல்லோரும் கை தட்டுவார்கள். போதும். இங்கே நிறுத்து. திரையைப் பார். மரகதம் அலுவலக அறையில் நிற்கிறாள், இன்னும் கொஞ்ச நேரம்தான். திருச்சி வீட்டில் அன்றைக்கு மத்தியான விருந்து, அவருடைய நண்பர்கள் நாலு பேர், கூடத்தில் இலை போட்டிருந்தது, வாழைப்பூ வடை பரிமாறிக்கொண்டிருந்தாள். ‘பட்டத்துக் குதிரை’ திருச்சியில் நூறு நாள் ஓடியது என்று அவர் சொன்னார். ஓடவில்லை. அவள் நடித்த படம், அவளுக்குத் தெரியாதா, நூறுக்கு முன்னாலேயே எடுத்துவிட்டு வேறு படம் போட்டார்கள். ‘இல்லீங்க, இங்க நூறு நாள் ஓடல’ என்றாள், வடையை வைத்துக்கொண்டே. இதுதான் குற்றம். அவர் எழுந்தார், இடது கையால், வலது கையில் சோறு இருந்ததால், அறைந்தார். பலமாகக்கூட இல்லை. நாலு பேரும் இலையைப் பார்த்தார்கள். அதைச் சரிசெய்ய வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கும், சிரித்தார், ‘சொல்லு, சொல்லு, டயலாக்கச் சொல்லு’ என்றார். நண்பர்களுக்கு அப்பாடா என்றிருந்தது, அவர்களும் சிரித்தார்கள். அவள் சொன்னாள். அழுகையும் சிரிப்பும் நன்றியும் எல்லாம் இருந்தன, பரமானந்தம் இருந்திருந்தால் ஓகே சொல்லியிருப்பார். சொல்லி முடித்த நிமிஷத்தில், சின்னத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்த சாரு, கையெல்லாம் சோறும் பருப்புமாக, கை தட்டினாள். அந்தச் சத்தம் பச்பச்சென்று இருந்தது. அதற்குப் பிறகு அவர் அடிக்கவே இல்லை, அவசியமில்லாமல் போயிற்று. எதற்காவது மறுத்துப் பேசினால் ‘டயலாக்’ என்பார், ஒரு விரலைத் தூக்கி, தமாஷாக. அவரைக் காடு கொண்டுபோய்ச் சேர்க்கும் வரைக்கும் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

ஞாபகமிருக்கு என்றாளே. இதுதானா? தன் கை தட்டியதா? இத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டா இந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள், மருந்துச் சீட்டைச் சரிபார்த்தாள், தலைக்குச் சாயம் போட்டுவிட்டாள்? அழக்கூடாது, அழுதால் மை கலையும், மேடைக்குப் போகணும். போகணுமா? கார் வெளியில் நிற்கிறது. போனால் என்ன ஆகும், உடம்பு சரியில்லை என்று மைக்கில் சொல்வார்கள், எல்லோரும் அடடா என்பார்கள், வசனத்தைக் கூட்டமே சேர்ந்து சொல்லிக்கொள்ளும், அதற்கு அவள் தேவையே இல்லை. அடுத்த வருஷமும் சொல்லும். அவள் செத்த அன்றைக்கு டிவியில் அதைத்தான் போடுவார்கள், கையையும் கன்னத்தையும். முடியாது. என் கன்னத்தை விட்டுவிட்டு நான் எங்கே ஓடுவது? அரங்கில் சலசலப்பு அடங்கிப்போனதை அப்போதுதான் கவனித்தாள். எல்லோரும் கையை உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். இது ஒரு வழக்கம், இந்தப் படத்துக்கென்றே ஏற்பட்டது, எந்த ஊரில் யார் ஆரம்பித்தது என்று தெரியாது: அடி விழுகிற நொடியில் தியேட்டரே ஒரேயொரு முறை, சேர்ந்து, கை தட்டும். முன்னாலும் விழாது, பின்னாலும் விழாது. மரகதம் சொன்னாள், ‘இந்த மில் என்னுடையது. என் வாழ்க்கையும் என்னுடையது. உங்களைக் கட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.’ திரையில் கை வந்தது. ஆயிரம் பேரின் கைகள் ஒன்றாக விழுந்தன. லோசனி கண்ணை மூடவில்லை. மூடாததால் பார்த்தாள், பழைய பிரதியில் புகைமூட்டமாக இருந்தது இப்போது துல்லியமாகத் தெரிந்தது: அடி விழுந்தபிறகு, வசனத்துக்கு முன்னால், அந்தப் பெண்ணின் கண் சேரலாதனைப் பார்க்கவில்லை. கேமராவைத் தாண்டி, டைரக்டர் உட்கார்ந்திருந்த பக்கம் போகிறது. என்ன சார் இது, இப்படிச் சொல்லலியே நீங்க, என்று கேட்கிறது. அது நடிப்பு இல்லை. ஐம்பது வருஷமாக ஊர் ஊராக ஓடியும் ஒருத்தர்கூடப் பார்க்காத பார்வை. பிறகு அந்தக் கண் திரும்பி வருகிறது, வாய் திறக்கிறது, அரங்கு முழுக்க அவளோடு சேர்ந்து பாடம் ஒப்பிக்கிறது, “இந்த ஒரு அடியிலதான் நான் பொண்ணாப் பொறந்தேன், அத்தான்!” படம் நின்றது. விளக்கு வந்தது.

சாரு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “இருடி, வர்றேன்,” என்று லோசனி அந்தக் கையை எடுத்துக் கைப்பையின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தாள். படிக்கட்டில் அந்தோணிராஜ் கை கொடுத்தார். மேடையில் தொகுப்பாளினி, டிவியில் பாட்டு நிகழ்ச்சி நடத்துகிற பெண், சின்ன வயசு, நல்ல முகம், “ஹாய் மதுரை!” என்று கூவிவிட்டு, பொன்னாடை, கேடயம், ஆளுயர மாலை எல்லாம் ஆனதும் மைக்கை நீட்டினாள். “மேம், ஃபிஃப்டி இயர்ஸ்! அந்த ஒரு வசனம். ஒரே ஒரு தடவை, மதுரைக்காக!” எதிரே அத்தனை கைகளும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தன. சேரலாதன் ஊன்றுகோலை அந்தோணிராஜிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றார். லோசனிக்கு மூச்சு தானாகச் சேர்ந்தது, நாக்கு தானாக மேலே போயிற்று, முதல் எழுத்துக்கு. பயந்தபடியே. அவள் வாயை மூடினாள். பல்லைக் கடித்து மூடி, பிறகு திறந்து, “சொல்ல மாட்டேன்,” என்றாள்.

அரங்கு இடிந்து விழுகிற மாதிரி சத்தம். விசில், கைத்தட்டல், நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். “பாத்தீங்களா! அதே திமிர்! அதே மரகதம்!” என்று தொகுப்பாளினி குதித்தாள். லோசனிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நடிக்கிறாள் என்று நினைக்கிறார்கள். அடிக்கு முந்திய காட்சியை நடித்துக் காட்டுகிறாளாம். “நிஜமாத்தான் சொல்றேன், சொல்ல மாட்டேன்,” என்றாள், அதற்கு இன்னும் பெரிய விசில். கோபப்பட்டால் மரகதம். அழுதால் அடங்கிய மரகதம். எந்தப் பக்கம் போனாலும் அவர்கள் வசனம் எழுதி வைத்திருக்கிறார்கள். சேரலாதனுக்குப் பழைய ரத்தம் ஏறிவிட்டது, முதுகு நிமிர்ந்தது, கண்ணைச் சுருக்கி, உதட்டை மடித்து, அந்தக் கையை மெல்ல ஓங்கினார். கூட்டம் தன் கைகளைத் தூக்கித் தயாராக வைத்துக்கொண்டது. ஆக, இத்தனை பேரும் சேர்ந்து இன்னொரு தடவை. லோசனிக்குப் பயம் விட்டுப்போயிற்று. பயந்து பயந்து இந்த இடம் வரைக்கும் வந்தாயிற்று, இதற்கு அப்பால் என்ன இருக்கிறது. அவள் சேரலாதனைப் பார்த்து, வீட்டில் பேசுகிற குரலில், மைக்கில்தான், சொன்னாள்: “சார். போய் உக்காருங்க. கால் வலிக்கும்.” அவர் சிரித்தபடியே அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார், நடிகர்தானே, நடிப்பு இல்லாத முகம் அவருக்குத் தெரியும். கை கீழே வந்தது. தடவித் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். விசில் அங்கங்கே தேய்ந்தது. கடைசியாக ஒருத்தன் மட்டும் ஊதி, அவனும் நிறுத்தினான். “இது சினிமா இல்ல,” என்றாள் லோசனி. “எங்க வீட்டுக்காரரு ஒருநா சாப்பாட்டு எலையில நாலு பேரு முன்னால என்ன அறஞ்சாரு. அறஞ்சுட்டு இந்த வசனத்தச் சொல்லுன்னாரு. நான் சொன்னேன். சிரிச்சிக்கிட்டே சொன்னேன், நல்லாவே சொன்னேன். ஒரு சின்னப்பிள்ள கை தட்டுச்சு. அதும்மேல தப்பே இல்ல, அதுக்கு ஒண்ணும் தெரியாது.” மூன்றாவது வரிசை, நாலாவது வரிசை, பால்கனி என்று அவள் பார்த்துக்கொண்டே போனாள், தூக்கிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றன. “உங்களுக்கு இப்பத் தெரியும்ல. இப்பத் தட்டுங்க, பாப்போம்.” தொகுப்பாளினி மைக்குக்காகக் கை நீட்டினாள். லோசனி கொடுக்கவில்லை. நின்றாள். அவளுக்கு ஒன்றும் அவசரமில்லை.